ஈரக் கரண்டியும் கொதித்த பாட்டிலும்

ஒரே நாளில், ஒரே வாணலியில் கிளறிய மாங்காய்த் தொக்கு. பாதியைப் பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலிலும் மீதியைக் காலியான ஜாம் பாட்டிலிலும் போட்டு வைக்கிறார்கள். உப்பு, காரம், நல்லெண்ணெய் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் ஒன்று போட்ட அன்றிருந்த மணத்தோடு இருக்கிறது. இன்னொன்றின் மேல்பக்கம் வெள்ளையாய்ப் பூசணம் பிடித்திருக்கிறது. ஈரக் கரண்டியை விட்டது யார் என்று வீட்டில் விசாரணை நடக்கும். சில வீடுகளில் தொக்குக் கிளறியவரின் கைராசிமேல் பழி விழும். அவர் பெரும்பாலும் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளாக இருப்பார் என்பது வருத்தமான விஷயம், ஏனென்றால் கைக்கும் ராசிக்கும் இதில் வேலையே இல்லை.

ஈரத்தைச் சந்தேகிப்பது சரிதான். ஆனால் ஒன்று இடிக்கிறது. ஊறுகாயே ஈரமான பண்டம்தானே? நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் துண்டுகள் தண்ணீரில் மிதக்கின்றன. அவ்வளவு தண்ணீரோடும் ஒரு வருடம் கெடாமல் இருக்கும் ஊறுகாய், கரண்டியில் ஒட்டிய நாலு சொட்டில் கெடுவது எப்படி?

பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை எதற்கும் வாய் கிடையாது. செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு வழியாகத்தான் அவை நீரையும் சத்தையும் இழுத்துக்கொள்கின்றன. வெளியே உப்பு அடர்த்தியாக இருந்தால் நீர் உள்ளே வராது. உள்ளே இருப்பதும் வெளியேறிவிடும். மாங்காய்த் துண்டு தண்ணீர் விடுவதும் இதனால்தான். அதே கதி அந்தத் துண்டின்மேல் உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாவுக்கும் நேர்கிறது.

வங்கியில் ஐந்து வருடத்துக்கு வைப்பாகப் போட்ட பணத்தை நினைத்துப் பாருங்கள். பாஸ்புக்கில் தொகை தெரியும், ஆனால் நாளைக் காலை பால்காரருக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. உப்பும் சர்க்கரையும் நீர் மூலக்கூறுகளை இப்படித்தான் தம்மிடம் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிடிபடாமல், செலவுக்குக் கிடைக்கிற நீர் எவ்வளவு என்பதைக் காட்டும் அளவுக்கு 'நீர்ச் செயல்பாடு' என்று பெயர். அளக்கும் முறை எளிது. உணவில் கொஞ்சத்தைச் சின்ன அறைக்குள் வைத்து மூடி, அதன் மேலிருக்கும் காற்று எவ்வளவு ஈரப்பதத்தில் நிலைக்கிறது என்று பார்க்கிறார்கள். வெறும் தண்ணீரின் மேல் காற்று முழு ஈரப்பதத்தை எட்டும். ஆகவே தூய நீரின் நீர்ச் செயல்பாடு 1. இனி உப்பே கரையாது என்கிற அளவுக்கு உப்புக் கரைத்த நீரின்மேல் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நின்றுவிடும். அதன் மதிப்பு 0.75. தேனுக்கு 0.6 அருகில்.

கெடுவதைத் தீர்மானிப்பது மொத்த நீரா, இந்தச் செலவுக்குக் கிடைக்கும் நீரா என்ற கேள்விக்குத் தெளிவான சோதனை விடையைத் தந்தவர் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட். உணவை நஞ்சாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவை அவர் உப்புக் கரைசல்களிலும், உலர்த்திய இறைச்சி, பால் போன்ற உணவுகளிலும் வளர்த்துப் பார்த்து 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் மொத்த நீரின் அளவு வெவ்வேறு. ஆனால் வளர்ச்சி நின்றுபோன இடம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே: நீர்ச் செயல்பாடு 0.86. பிற பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இதைவிட முன்னதாகவே, 0.91 வாக்கில் நின்றுவிடுகின்றன. பூஞ்சைகள்தான் பிடிவாதக்காரர்கள். அவற்றில் பல 0.80 வரை வளரும், சில அதற்கும் கீழே போகும். ஊறுகாயில் கெட்ட நாற்றம் வருவதற்கு முன் பூசணம் வந்து நிற்பதன் காரணம் இதுதான்.

இப்போது அந்த நாலு சொட்டுக்கு வருவோம். கரண்டி கொண்டுவரும் தண்ணீர் வைப்பில் போடாத ரொக்கம். கெட்டியான தொக்கில் அது உடனே பரவிக் கலந்துவிடாது. எண்ணெய்க்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு துண்டின் மீதோ, பாட்டிலின் உள்சுவரிலோ தங்கிவிடும். பாட்டில் முழுவதற்கும் கணக்குப் போட்டால் ஒன்றுமே மாறவில்லை. அந்த ஒரு சொட்டுக்குள் மட்டும் நீர்ச் செயல்பாடு 1-ஐ நெருங்கியிருக்கிறது, பக்கத்திலேயே சாப்பாடும் மேலே காற்றும் இருக்கின்றன. காற்றில் மிதந்து வரும் ஒரு பூஞ்சை வித்துக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. கழுவிவிட்டுச் சரியாகக் காயாத பாட்டிலும் இதே வேலையைத்தான் செய்கிறது. தொக்குப் படாத மேல்சுவரில் நிற்கும் ஈரத்துக்கு உப்புப் போய்ச் சேர வழியில்லை.

சரி, பாட்டிலைக் கழுவுவதற்கு வருவோம். சோப்பு கிருமிகளைக் கொல்கிறது என்று நம்புகிறோம். பாட்டில் கழுவும்போது அது செய்கிற பெரிய உதவி கொல்வது இல்லை, பெயர்த்து வெளியேற்றுவது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். எண்ணெய்த் துளியைச் சுற்றி இந்த மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ள, துளி கண்ணாடியை விட்டுப் பெயர்ந்து தண்ணீரோடு போகிறது. கூடவே அதில் சிக்கிய கிருமிகளும் போகின்றன.

ஊறுகாய் இருந்த பாட்டிலில் சிக்கல் தருவது புது எண்ணெய் இல்லை, பிசுக்கு. நல்லெண்ணெயின் மெல்லிய படலம் பல மாதம் காற்றுப் பட்டுக் கிடந்தால், ஆக்சிஜனோடு வினைபுரிந்து அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. பிறகு அது எண்ணெயாகவும் இல்லை, எளிதில் கரைவதும் இல்லை. வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து இரவு முழுக்க ஊற வைத்தால் அது இளகும். காரம் கொழுப்பை உடைத்து அதில் ஒரு பங்கைச் சோப்பாகவே மாற்றிவிடுகிறது. பிசுக்கு போகாமல் நேரே கொதிக்க வைப்பது வீண்வேலை. எண்ணெய்ப் படலத்துக்குள் மாட்டிய கிருமி, கொதிக்கும் தண்ணீருக்கு நடுவிலும் உலர்ந்த நிலையிலேயே இருக்கும். ஈரச் சூட்டைவிட உலர்ந்த சூட்டை நுண்ணுயிர்கள் வெகுநேரம் தாங்கும். அதனால்தான் முதலில் கழுவு, பிறகு கொதிக்கவை என்ற வரிசை.

வாய் குறுகிய பாட்டிலுக்குள் கை போகாதபோது ஒரு பிடி அரிசியும் வெந்நீரும் சோப்பும் போட்டுக் குலுக்கும் வழக்கம் உண்டு. அது நல்ல வழக்கம். அரிசி கண்ணாடியைவிட மென்மையானது. மணல் போடுவது வேறு கதை. மணலின் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது, அது கீறும். அந்தக் கீறல் வெறும் அழகுக் குறை இல்லை, அதைப் பற்றிச் சற்றுப் பின்னால். ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்கும் வீடுகளில் பாட்டில் கழுவக் கழுவ வெண்மங்கலாகிவிடும். எலுமிச்சைத் தோலையோ புளியையோ தேய்த்துப் பாருங்கள். மங்கல் போனால் அது சுண்ணாம்புப் படிவு, அமிலத்தில் கரைந்துவிட்டது. போகாவிட்டால் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது, அதைத் திரும்பப் பெற முடியாது. லேபிள் பசையிலும் இரண்டு வகை. மாவுப் பசை வெந்நீரில் ஊறி வந்துவிடும். பிசுபிசுவென்று ஒட்டி நிற்கும் நவீனப் பசை தண்ணீருக்கு அசையாது, சமையல் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டால் கரைந்து உருளும்.

எத்தனை முறை கழுவினாலும் பழைய பூண்டு ஊறுகாய் வாசம் போகவில்லை என்று ஒரு நல்ல பாட்டிலைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. எறிய வேண்டியது பாட்டிலை இல்லை. மூடியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டுப் பாட்டிலை மட்டும் முகர்ந்து பாருங்கள், வாசம் இருக்காது. கண்ணாடியில் அணுக்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடப்பதால் மண மூலக்கூறு நுழைய இடமே இல்லை. மூடியின் உள்விளிம்பில் மெத்தென்று ஒரு வளையம் இருக்கிறதே, நாம் வாஷர் என்பது, அது பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளுக்கு இடையே சந்து உண்டு. எண்ணெயில் கரையும் மணங்கள் அங்கே ஊறித் தங்கிவிடுகின்றன. மஞ்சள் கறையும் அங்கேதான் ஏறும். மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் வெளிச்சத்தில் சிதைவதால், நாலு நாள் வெயிலில் போட்டால் கறை வெளுக்கும். வாசம் அவ்வளவு எளிதில் போகாது.

மூடிதான் எப்போதும் பலவீனமான இடம். அமெரிக்கத் தகரத் தொழிலாளி ஜான் லாண்டிஸ் மேசன் 1858-இல் மரை போட்ட வாயுள்ள கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகம் முழுவதும் புழங்கும் திருகுமூடி பாட்டில்களின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. அதற்கு அவர் போட்டது துத்தநாக மூடி. உணவில் உலோகம் படுகிறது என்ற குறை உடனே வந்தது. 1869-இல் லூயிஸ் பாய்ட் என்பவர் மூடிக்குள் கண்ணாடித் தட்டு வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இப்போதைய தகர மூடிகளின் உட்புறம் மெழுகுபோல் ஒரு பூச்சு இருக்கும். அதில் ஒரு கீறல் விழுந்தாலே போதும், உப்பும் புளிப்பும் சேர்ந்து துருவைக் கிளப்பிவிடும். உள்பக்கம் துரு கண்ட மூடியைத் தேய்த்துத் திரும்பப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டில் பேரப்பிள்ளைகள் காலம் வரை வரும், மூடியை மாற்றிக்கொண்டே இருக்கத்தான் வேண்டும்.

அடுத்தது கொதிக்க வைப்பது. அடியில் ஒரு துணியை விரித்து, பாட்டில்களை நிறுத்தி, அவை மூழ்கும்வரை பச்சைத் தண்ணீர் ஊற்றி அடுப்பை மூட்ட வேண்டும். கொதி வந்ததிலிருந்து 10 நிமிடம். மூடியை இத்தனை நேரம் போட்டால் வாஷர் கெட்டுவிடும், அதற்கு வெந்நீரில் ஒரு முக்கு போதும். மலையூர்களில் நேரம் கூட வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்குமேல் அடுப்பை எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு நிமிடம் கூட்டச் சொல்கிறது அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டல். ஊட்டிக்கு 17 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பச்சைத் தண்ணீரில் தொடங்குவது எதற்கு? கண்ணாடி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். கொதிநீரை ஊற்றியதும் உள்சுவர் விரிந்துவிடுகிறது, வெளிச்சுவருக்கு இன்னும் செய்தியே போகவில்லை. உள்ளே விரிவது வெளியே இருப்பதை இழுக்கிறது. கண்ணாடியை அமுக்கினால் அசாத்தியமாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது; அதனால் வெடிக்கிறது. இதை வெப்ப அதிர்ச்சி என்பார்கள். ஆய்வுக்கூடக் குடுவைகளின் போரோசிலிக்கேட் கண்ணாடி சூட்டில் விரிவது ஜாம் பாட்டில் கண்ணாடி விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அது பிழைத்துக்கொள்கிறது.

ஆனால் போன வருடம் தாங்கிய அதே பாட்டில் இந்த வருடம் அதே சூட்டில் உடைகிறதே? இதற்கு விளக்கம் 1920 வாக்கில், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. ஏ. கிரிஃபித் என்ற பொறியாளரிடமிருந்து வந்தது. அணுக்களின் பிணைப்பை வைத்துக் கணக்கிட்டால் கண்ணாடிக்கு இருக்க வேண்டிய பலம், நடைமுறையில் இருப்பதைப்போலப் பல மடங்கு. அந்தப் பலம் எங்கே போயிற்று என்று கேட்ட அவர், கண்ணாடியை உருக்கி இழைகளாக இழுத்து, ஒவ்வொன்றும் எந்த இழுவையில் அறுகிறது என்று அளந்தார். இழை மெல்லியதாக ஆக ஆக, ஒரே பருமனுக்குக் கணக்கிட்ட பலம் ஏறிக்கொண்டே போயிற்று. மிக மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை. மொத்தமான கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் மேற்பரப்பெங்கும் கிடக்கின்றன. இழுவிசை முழுவதும் கீறலின் நுனியில் குவிந்து அதைப் பிளந்துகொண்டு போகிறது. மணலால் தேய்த்ததும், கொதிக்கும் பானையில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டதும் கண்ணாடியின் கணக்கில் சேர்ந்துகொண்டே வருகின்றன. அடியில் விரிக்கும் துணி, நடுவில் செருகும் துணி இரண்டும் அதற்காகத்தான். வாய் விளிம்பில் விரலால் தடவி, சில்லு பெயர்ந்திருந்தால் அந்தப் பாட்டிலைப் பேனா செருக வைத்துக்கொள்ளுங்கள், சூட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கொதித்த பாட்டிலைத் துணியால் துடைப்பது, போக்கியதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. சாய்த்துக் கவிழ்த்து, ஆவி வெளியே போக இடம்விட்டு, தானாகக் காய விட வேண்டும். வெயிலில் வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளே போய்க் கிருமியைக் கொல்லும் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த வேலையைச் செய்யும் குறுகிய அலைநீளக் கதிர்களைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். வெயில் செய்வது சூடாக்கி உலர்த்துவது. நீர்ச் செயல்பாட்டைப் பற்றி முன்னால் சொன்னதை வைத்துப் பார்த்தால், அதுவே பெரிய உதவி.

பாட்டிலில் போட்டபின் மூடும் நேரத்திலும் ஒரு விஷயம் உண்டு. பொடி, தொக்கு எல்லாம் நன்றாக ஆறியபின் மூடு என்கிறது நம் வழக்கம். ஜாம் செய்கிறவர்களோ கொதிக்கக் கொதிக்க ஊற்றி உடனே மூடுகிறார்கள். எது சரி? இரண்டுமே சரி. சூடான தொக்கை மூடினால் அதன் ஆவி மூடியில் முத்து முத்தாய் நின்று, குளிர்ந்ததும் மேல்பரப்பில் சொட்டும். அது வெளியிலிருந்து வந்த ஈரக் கரண்டிக்குச் சமம். பருப்புப்பொடியானால் கட்டி தட்டிவிடும். ஜாமிலும் ஆவி சொட்டத்தான் செய்கிறது. ஆனால் 85 டிகிரிக்கு மேலான சூட்டில் ஊற்றும்போது பாட்டிலின் உள்காற்று, மூடி எல்லாம் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடுகின்றன. ஆவி ஒடுங்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து மூடியைக் கீழே இழுத்து இறுக்குகிறது. கடையில் வாங்கும் ஜாம் மூடியின் நடுவில் உள்ள குமிழ் உள்வாங்கி நிற்பதும் முதன்முறை திறக்கும்போது டப்பென்று எழுவதும் இதனால்தான். பழைய மூடியின் வாஷரில் முந்தைய விளிம்பு பதிந்த பள்ளம் இருக்கும், இரண்டாவது தடவை அது அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது. ஊறுகாய்க்கு அந்த வெற்றிடம் தேவையில்லை. நாம் தினமும் திறக்கிற பாட்டில் அது.

இதுவரை எல்லாம் சரியாகச் செய்தாயிற்று. பிசுக்குப் போயிற்று, கொதிக்க வைத்தாயிற்று, காய்ந்தும் ஆயிற்று. பாட்டிலில் உயிர் எதுவும் இல்லை என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத நினைத்தேன்.

பாட்டிலில் உணவை அடைத்துக் கொதிக்க வைத்துக் காப்பாற்றும் முறையைக் கண்டவர் பிரான்சின் மிட்டாய்த் தயாரிப்பாளர் நிகோலா அப்பேர். கனமான ஷாம்பெய்ன் பாட்டில்களில் உணவை நிரப்பி, தக்கையால் அடைத்துக் கட்டி, வெந்நீரில் வேக வைத்தார். 1810-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. அது ஏன் வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. வேதியியலாளர் கே-லுஸாக் பாட்டிலுக்குள் இருந்த காற்றைச் சோதித்து, ஆக்சிஜன் இல்லாததே காரணம் என்று முடிவு கட்டினார். அரை நூற்றாண்டு கழித்து லூயி பாஸ்டர், அன்னத்தின் கழுத்துப்போல வளைந்த குழாயுள்ள குடுவையில் சாற்றைக் கொதிக்க வைத்துக் காட்டினார். குழாய் வழியே காற்றும் ஆக்சிஜனும் தாராளமாகப் போய் வந்தன, தூசி மட்டும் வளைவில் தங்கிவிட்டது, சாறு கெடவில்லை. கெடுப்பது காற்று இல்லை, அதில் வரும் உயிர்கள் என்று ஆயிற்று.

அப்படியானால் கொதிக்க வைத்தால் எல்லாம் தீர்ந்துவிட வேண்டும். லண்டனில் ஜான் டிண்டால் அதைச் செய்தபோது தீரவில்லை. 1876, 1877-இல் அவர் காய்ந்த வைக்கோலை ஊற வைத்த நீரைக் கொதிக்க வைத்தார். மணிக்கணக்கில் கொதித்த பிறகும் சில குடுவைகள் கலங்கிப்போயின. அதே காலத்தில் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் கோன் நுண்ணோக்கியின் கீழ் காரணத்தைக் கண்டார். சில பாக்டீரியாக்கள் நிலைமை மோசமானால் செல்லுக்குள்ளேயே தடித்த ஓடு கொண்ட ஒரு வித்தை உண்டாக்கிக்கொள்கின்றன. இதை அகவித்து என்கிறோம். உள்ளே நீர் மிகக் குறைவு, வளர்ச்சி எதுவும் கிடையாது, கொதிநீர் அதை ஒன்றும் செய்யாது. டிண்டால் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரே மூச்சில் நெடுநேரம் கொதிக்க வைக்காமல், அடுத்தடுத்த நாட்களில் சிறிது நேரம் சூடாக்கினார். இடைவெளியில் வித்துகள் முளைத்துச் சாதாரண பாக்டீரியாவாகும், மறுநாள் சூட்டில் செத்துவிடும்.

வித்து உண்டாக்கும் இனங்களில் ஒன்று க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். 1895-இல் பெல்ஜியத்தின் எல்லெஸெல் கிராமத்தில் ஒரு இறுதிச் சடங்குக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் பன்றி இறைச்சி சாப்பிட்டு நரம்பு செயலிழந்து விழுந்தனர், 3 பேர் இறந்தனர். அந்த இறைச்சியிலிருந்து இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தவர் எமில் வான் எர்மெங்கெம். இதன் வித்துகள் மண்ணில் எங்கும் உண்டு. ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் முளைக்கும். முளைத்து வளரும்போது விடும் நஞ்சு நரம்பு தசைக்கு இடும் கட்டளையைத் துண்டித்துவிடும். உணவில் வாசமோ நிறமோ மாறாமலேயே இருக்கலாம்.

1919, 1920-இல் அமெரிக்காவில் அடைத்து விற்ற ஆலிவ் காய்களால் பலர் இறந்தபின், கலிஃபோர்னியாவில் எஸ்டி, மேயர் என்ற இருவர் இந்த வித்துகளைச் சாகடிக்க எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் ஆகும் என்று அளந்து 1922-இல் வெளியிட்டனர். 120 டிகிரியில் 4 நிமிடம். 100 டிகிரியில் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரம். நம் பத்து நிமிடக் கொதி ஈஸ்டையும் பூஞ்சையையும் சாதாரண பாக்டீரியாக்களையும் முடித்துவிடுகிறது. அகவித்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அப்படியிருந்தும் தலைமுறை தலைமுறையாக ஊறுகாய் தின்று வாழ்ந்திருக்கிறோம். பாதுகாப்பு பாட்டிலில் இல்லை, ஊறுகாயில் இருந்தது. அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு 4.6-ஐத் தாண்டிக் கீழே போனால், அதாவது புளிப்பு அந்த அளவு ஏறினால், பாட்டுலினம் வளர முடியாது. எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் இடையில், மாங்காய் 3-ஐச் சற்றுத் தாண்டி. புளியும் இந்த வட்டாரம்தான். உப்பு நீர்ச் செயல்பாட்டைக் குறைக்கிறது. மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுத்துப் பூஞ்சையை விலக்குகிறது. வித்து உள்ளே கிடக்கலாம், கண்விழிக்காது. தேனிலும் இதே நிலைதான். தேனில் இந்த வித்துகள் இருக்க வாய்ப்புண்டு, ஆனால் அங்கே முளைக்காது. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்துவிடக்கூடும் என்பதால்தான் குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கக் கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள்.

பூண்டுக்கு வாருங்கள். மண்ணுக்குள் விளைவது, ஆகவே வித்து ஒட்டியிருக்க நல்ல வாய்ப்பு. பிஎச் 6-ஐ ஒட்டி, புளிப்பே இல்லை. அதை உரித்து நறுக்கி எண்ணெயில் மூழ்க வைத்தால் காற்றும் இல்லை. மாங்காய்க்குக் காவலாக இருந்த அதே எண்ணெய் இங்கே பாட்டுலினத்துக்கு வேண்டிய இடத்தை அமைத்துக் கொடுக்கிறது. 1985-இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டைக் குளிரூட்டாமல் வைத்திருந்து பரிமாறியதில் 30 பேருக்கு மேல் பாட்டுலிச நோய்க்கு ஆளாயினர். 1989-இல் நியூயார்க் மாநிலத்தில் இன்னொரு சம்பவம். அதற்குப்பின் அமிலம் சேர்க்காத பூண்டு எண்ணெய்த் தயாரிப்புகளை விற்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தடை போட்டது. அந்தப் பாட்டில்களை எத்தனை தரம் கொதிக்க வைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. வித்து பூண்டோடு வந்தது.

நம் பூண்டு ஊறுகாய்ச் செய்முறைகளைப் பாருங்கள். பூண்டை வதக்கி, எலுமிச்சைச் சாற்றையோ கெட்டிப் புளிக்கரைசலையோ தாராளமாக விட்டு, உப்புப் போட்டு, கடைசியில்தான் எண்ணெய். அந்தப் புளிப்பைச் சுவைக்காக என்று நினைத்து, சிலர் இப்போது அளவைக் குறைக்கிறார்கள். இரத்தக் கொதிப்புக்காக உப்பையும் பாதியாக்குகிறார்கள். உப்பைக் குறைக்க நல்ல காரணம் இருக்கலாம். குறைத்தால் அது குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டிய பண்டமாகிவிட்டது என்று தெரிந்து குறைக்க வேண்டும்.

ஊறுகாயைவிட எனக்குக் கவலை தருவது இஞ்சி-பூண்டு விழுது. இஞ்சியும் மண்ணுக்கடியில் விளைவதுதான், அதற்கும் புளிப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கு அரைத்து, கெடாமலிருக்க மேலே எண்ணெய் ஊற்றி, கழுவிக் கொதிக்க வைத்த பாட்டிலில் போட்டு, சமையல் மேடையிலேயே வைத்துவிடுகிற வீடுகள் இருக்கின்றன. அதை அரைத்த கையோடு குளிர்பதனப் பெட்டிக்குள் வையுங்கள், நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் சின்னச் சின்ன வில்லைகளாக உறையவைத்து, தேவைக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். உறைநிலையில் பாட்டுலினம் வளராது.